முப்பத்தெட்டாம் வளைவில் கண்ணாடியை மூடினேன்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் சாலைப் பணியாளர்களுக்கு,

போன வாரம் செம்மேட்டு அலுவலகத்தில் உங்களை வரவேற்க நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு துண்டு, ஒரு டீ, பேசுவதற்கு ஐந்து நிமிடம். நான் பேசி உட்கார்ந்ததும் உங்களில் ஒருவர் எழுந்து, "ஏனுங்க ஐயா, இந்த மலை ரோட்டுல ரொம்ப ஆபத்தானது எதுங்க?" என்று கேட்டார். யோசிக்காமல் "மண்சரிவு" என்றேன். இரண்டு மூன்று பேர் அதை நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த நோட்டுகள்தான் கண் முன்னால் நின்றன. நான் சொன்னது பொய். மண்சரிவு ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் இந்த ரோட்டில் கிடந்த எனக்குத் தெரிந்த பெரிய ஆபத்து வேறு. அதைச் சொன்னால் என் தலை குனியும் என்று மண்சரிவின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். நேரில் சொல்வதைவிட எழுதுவதில் வெட்கம் கொஞ்சம் குறைவு. அதனால் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வாய் சும்மா இருக்காத ஆள். செம்மேடு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் தினமும் காலை அரை மணி நேரம் உட்காருவேன். அங்கே மூன்று விஷயங்கள்தான் பேச்சு: வண்டி ஓட்டத் தெரியாதவர்கள் மலை ஏறுவது, போன் வந்து மனிதர்கள் கெட்டுப்போனது, டெல்லியில் யார் உட்கார வேண்டும் என்பது. மூன்றிலும் எனக்கு உறுதியான கருத்து இருந்தது. ஹெல்மெட் போடாதவனை அடிவாரத்திலேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்பேன், என் ஹெல்மெட் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். போனில் வழி சொல்கிற பெண் குரலைக் கேட்டு வண்டி ஓட்டுகிறவர்களைக் கிண்டல் செய்வேன். எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் 'திரும்புங்கள், திரும்புங்கள்' என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கே தலை சுற்றியிருக்கும் என்பேன். கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். அரசியல் என்று வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அரசு வேலையில் இருப்பவன் கட்சி பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. விதி எனக்குத் தெரியும், என் வாய்க்குத் தெரியாது.

அந்த டீக்கடையில் எனக்குச் சரிக்குச் சரி நின்று பேசுகிறவர் காளியப்பன். இதே மலையில் குண்டனி நாட்டுப் பகுதிக்காரர். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருந்தார். குச்சிக்கிழங்கு மூட்டைகளைக் கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்கு ஏற்றிப் போவார், வரும்போது கடைச் சாமான் கொண்டு வருவார். இருபது வருடம் இந்த எழுபது வளைவிலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். அவர் ஒரு கட்சி, நான் அதற்கு நேர் எதிர்க் கட்சி. எந்தக் கட்சி என்று எழுத மாட்டேன், எழுதினால் உங்களில் பாதிப் பேர் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். வளைவுகளில் எதிரே வருகிற வண்டியைக் காட்டுகிற உருண்டைக் கண்ணாடிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவை சும்மா வந்துவிடவில்லை. மோசமான ஐந்து வளைவுகளைக் குறித்து, படம் வரைந்து, நான்கு வருடம் நான் கடிதம் எழுதினேன். ஒவ்வொரு முறையும் நிதி இல்லை என்று பதில் வரும். கடைசியில் எங்கள் பகுதி எம்.பி.யின் நிதியிலிருந்து ஐந்து கண்ணாடியும் வந்தன. கண்ணாடிக்கு மேலே ஒரு தகடு. தகட்டில் எம்.பி.யின் படமும் பெயரும். அவர் காளியப்பனின் கட்சி.

கண்ணாடி நட்ட மறுநாள் டீக்கடையில் காளியப்பன் மேசையைத் தட்டிச் சொன்னார். "பாத்தீங்களா சாரு, எங்க ஆளு வெச்ச கண்ணாடி. இத்தன வருசம் நீங்க மம்பட்டி புடிச்சு என்ன கண்டீங்க?"

நான் எழுதிய கடிதங்கள் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார். நானும் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது உள்ளுக்குள் புளித்துக்கொண்டே இருந்தது. அந்த வளைவுகளைக் கடக்கும்போதெல்லாம் என் கண் கண்ணாடியைப் பார்க்காது, தகட்டைத்தான் பார்க்கும்.

இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த மேஸ்திரி அதிகம் பேசாதவர். ஆனால் எந்த வேலை முடிந்தாலும், பள்ளம் மூடினாலும் சரி, கல் நட்டாலும் சரி, அந்த வழியாக வருகிற ஏதாவது ஒரு வண்டியை நிறுத்தி டிரைவர் பக்கத்தில் எங்களை உட்காரவைப்பார். ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். வேலை செய்த இடத்தை ஓட்டுகிறவன் கண் உயரத்தில் இருந்து ஒரு முறை பார்க்க வேண்டும். நின்று பார்த்தால் சரியாகத் தெரிகிற கல் உட்கார்ந்து பார்த்தால் மறைக்கும். அவர் போன பிறகும் நாங்கள் அதை விடவில்லை. 'ஏத்தம் எறக்கம் பாத்தாச்சா' என்று கேட்டால்தான் எங்களுக்கு ஒரு வேலை முடிந்த மாதிரி. இன்றைக்கு உங்களிடம் போட்டோ கேட்கிறார்கள். போட்டோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போட்டோவை எடுத்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. நடத்தை விதி அமலுக்கு வந்த அன்றே மேலிருந்து போன். பொது இடத்தில் அரசியல்வாதி பெயரோ படமோ தெரிகிற எதுவாக இருந்தாலும் மறுநாள் மாலைக்குள் மறைத்தாக வேண்டும், இடமும் நேரமும் பதிவாகிற போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். உத்தரவில் ஒரு தப்பும் இல்லை. பெயரை மறைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

நான் அப்போது சாலை ஆய்வாளர். என்னோடு நான்கு பணியாளர்கள். ஐந்து தகட்டிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டினோம். நான்கு நின்றுவிட்டன. முப்பத்தெட்டாம் வளைவில் மட்டும் பாறையிலிருந்து எந்நேரமும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும். காலையில் ஒட்டியது மதியம் உரிந்து தொங்கியது. திரும்ப ஒட்டினோம், அதுவும் உரிந்தது. அதற்குள் யாரோ அந்த வழியாகப் போனவர் போட்டோ எடுத்து மேலே அனுப்பிவிட்டார். "ஒரு பேரை மறைக்க உங்களால முடியலையா?" என்று போனில் குரல் ஏறியது.

எனக்குக் கோபம் வந்தது. அதோடு, உண்மையைச் சொல்வதானால், ஒரு சந்தோஷமும் வந்தது. ஜீப்பில் கிடந்த வெள்ளை உரச் சாக்கு ஒன்றை எடுத்தேன். ஏணியை நானே பிடித்து ஏறினேன். தகடு, கண்ணாடி இரண்டையும் சேர்த்துச் சாக்குக்குள் நுழைத்து, கீழே கம்பத்தோடு கயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். தலையணைக்கு உறை போட்டதுபோல் கச்சிதமாக இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் குப்பாயி. ஆலத்தூர் நாட்டைச் சேர்ந்த பணியாளர், பணியில் இருந்த கணவர் இறந்த பிறகு அவர் இடத்துக்கு வந்தவர், நாற்பது வயதிருக்கும். அவர் சொன்னார்:

"ஏனுங்க சாரு, கண்ணாடியையும் மூடிப்போட்டீங்களே. எறங்கற வண்டிக்கு எதுக்கால வாரது தெரியாதுங்களே?"

"ஆர்டர்னா ஆர்டர். ஹாரன் அடிச்சுட்டு வரட்டும்."

"இப்ப எவனுங்க ஹாரன் அடிக்கறான்? கண்ணாடி வந்ததுக்கப்பறம் அல்லாரும் அதையத்தான பாத்து ஓட்டறாங்க."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே தெரியும். 'ஒலி எழுப்பவும்' என்ற பலகை அங்கே வெளிறிப்போயிருந்தது. கண்ணாடி இருக்கிறதே என்று அதற்குத் திரும்ப வண்ணம் அடிக்காமல் விட்டதும் நான்தான். இருந்தும், "நீ ஏணியப் புடி" என்றேன். அவர் பிடித்துக்கொண்டார்.

இறங்கி போட்டோ எடுத்தேன். குழுவில் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். ஆறு பேரில் ஒருவருக்குக்கூட அது ஒரு கண்ணாடி என்று தோன்றவில்லை. பெயர் தெரிகிறதா என்று பார்த்தார்கள், தெரியவில்லை, முடிந்தது. ஏற்றம் இறக்கம் நான் பார்க்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. வண்டியில் உட்கார்ந்து பார்த்தால் சாக்கை அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று எனக்குள் ஏதோ ஒன்றுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் செம்மேட்டில் சந்தை. காலை பத்து மணி இருக்கும், நல்ல வெயில். நானும் குப்பாயியும் நாற்பதாம் வளைவில் சாக்கடை தூர்வாரிக்கொண்டிருந்தோம். காளியப்பன் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கினார். எங்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, "சாரு, இந்தத் தடவையும் எங்க ஆளுதானுங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். நான் மம்பட்டியைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. கீழே இருந்து பிரேக் சத்தம், அதன் பிறகு கல்லில் தகரம் இழுபடுகிற சத்தம்.

ஓடினோம். பிக்கப் வண்டி மலைப் பக்கத்துச் சாக்கடையில் ஒருக்களித்துக் கிடந்தது. ரோடு முழுக்கக் கிழங்கு. ஏறி வந்த கார் ஒன்று குறுக்கே நின்றிருந்தது, அதில் ஒரு கணவன் மனைவி, பின்னால் இரண்டு குழந்தைகள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகவில்லை என்பது ரோட்டில் இருந்த டயர்த் தடத்தைப் பார்த்தால் தெரிந்தது. வளைவில் அகலமாக எடுத்து வந்த காளியப்பன் காரைக் கண்டதும், பள்ளத்துப் பக்கம் ஒடித்தால் தனக்குச் சாவு, நேரே போனால் அவர்களுக்குச் சாவு என்று கணக்குப் போட்டு, பாறையில் கொண்டுபோய் வண்டியை இடித்திருக்கிறார். நாங்கள் கதவை நெம்பி அவரை வெளியே எடுத்தோம். வலது கால் முழங்காலுக்குக் கீழே உடைந்திருந்தது. முகம் வெளுத்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கண்ணாடில ஒண்ணும் வரலீங்க சாரு. வெள்ளையா இருந்துச்சு. சும்மா வெள்ளையா இருந்துச்சுங்க."

தூரத்தில் இருந்து வருகிறவனுக்கு, வெயிலில் இறுக்கிக் கட்டிய வெள்ளைச் சாக்கு வானம் தெரிகிற கண்ணாடி மாதிரிதான் இருக்கும். இறக்கத்தில் கண்ணாடியில் வண்டி தெரிந்தால் நின்று வழிவிடுவார்கள். ஒன்றும் தெரியாவிட்டால் ஒரே எடுப்பில் வளைத்துப் போவார்கள். இரண்டு வருடமாகக் கைக்கு வந்துவிட்ட பழக்கம் அது.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிப் போனது. பின்னால் வந்த வண்டிகள் நின்றன, ஆட்கள் இறங்கிக் கிழங்கைப் பொறுக்கி ஓரமாகப் போட்டார்கள். எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் மேலே பார்த்தேன். கயிற்றின் நுனி கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது, மம்பட்டிக் காம்பால் மேலே தள்ளியதும் சாக்கு கழன்று கையில் விழுந்தது. அடுத்த வண்டி இதில் ஏமாந்துவிடக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். சாக்கைக் கழற்றியது சரி. நான்காக மடித்து என் பைக்குள் வைத்ததுதான் தப்பு.

குப்பாயி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கிழங்கு பொறுக்கப் போய்விட்டார்.

காவலர்கள் வந்தபோது கண்ணாடி பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது. காரில் வந்தவர் பயம் தெளிந்து கோபத்துக்கு வந்திருந்தார். "கண்ணாடி இருக்கு, கண்ணு தெரியாதா? ஹாரன்கூட அடிக்கல" என்றார். அவர் மேல் தப்பில்லை, அவர் கண்டதைச் சொன்னார். காவலர்களும் கண்டதை எழுதினார்கள்: எச்சரிக்கைக் கண்ணாடி இருந்தும் கவனிக்காமல், ஒலி எழுப்பாமல் வந்தது. உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தோம் என்றேன். அதிலும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் குப்பாயி ஏணியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். யாரும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அந்தப் பெயர்த் தகட்டைக் கையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரெண்டே போல்ட்டுங்க சாரு. கழட்டி வெச்சுட்டா மூடற வேலையே இல்லீங்க."

இரண்டு போல்ட். ஐந்து நிமிட வேலை. முந்தைய நாள் நான் ஏணி மேல் நின்றபோது அந்த போல்ட்டுகள் என் மூக்குக்கு நேரே இருந்தன.

அடுத்த இரண்டு நாள் டீக்கடைக்குப் போனேன். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பார்களே என்ற பயத்தில் போனேன். எல்லோரிடமும் ஒரு கருத்து இருந்தது. போன் பேசிக்கொண்டே வந்திருப்பான் என்றார் ஒருவர். சந்தை நாள், ராத்திரி தண்ணி போட்டிருப்பான் என்றார் இன்னொருவர். கட்சி ஜெயிக்கப்போகிற திமிரு என்று சொன்னவர் என் கட்சிக்காரர். அவர் சொல்லிவிட்டு ஆமாம் போடுவேன் என்று என்னைப் பார்த்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் கடையில் எனக்கு எந்தக் கருத்தும் இல்லை.

மூன்றாம் நாள் காளியப்பனின் மனைவி சரோஜா எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வண்டியை எங்கள் வளாகத்தில்தான் இழுத்து வந்து போட்டிருந்தோம். வண்டிக்குள் இருந்த பேப்பர்களையும் துண்டையும் எடுத்துப் போக வந்திருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"காலு சரியாப் போயிருமுங்க, பிளேட்டு வெச்சிருக்காங்க. எங்கூட்டுக்காரரு மனசுதான் சரியில்லீங்க. கண்ணாடி வெள்ளையா இருந்துச்சுன்னே சொல்றாரு. டாக்டரு லைட்டடிச்சுப் பாத்துட்டு கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கறாரு. இவரு நம்பமாட்டீங்கறாரு. எங்கண்ணே எனக்குப் பொய் சொல்லுது, அந்தக் கொழந்தைங்களக் கொன்னிருப்பேன், வண்டிய வித்துப்போடுங்கறாரு. ராத்திரியெல்லாம் கைய மூஞ்சிக்கு நேரா நீட்டி விரல எண்ணிப் பாக்கறாருங்க."

அவர் அழவில்லை. ஏதோ சந்தையில் கிழங்கு விலை இறங்கியதைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். துண்டை உதறி மடித்தார், பேப்பர்களை அதற்குள் சுற்றிக்கொண்டு போனார்.

கேசுக்கு அபராதம் கட்டிவிடலாம், லைசென்ஸை நிறுத்திவைத்தால் சில மாதத்தில் திரும்ப வந்துவிடும் என்றெல்லாம் இரண்டு நாளாக எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். சரோஜா சொன்னது அந்தச் சமாதானம் எதிலும் அடங்கவில்லை. இருபது வருடம் ஓட்டிய மனிதன் தன் கண்ணையே சந்தேகப்பட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். அந்தக் கண் வெள்ளையாகக் கண்டது நிஜம் என்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

இரண்டாமவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். குப்பாயி உள்ளே வந்து மெதுவாகத்தான் சொன்னார்.

"நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க சாரு. உங்குளுக்கு வேல போயிரும்னு எனக்குந் தெரியும். ஆனா அவரு கண்ணு நல்லாருக்குதுன்னு ஆராச்சும் அவருகிட்டச் சொல்லோணுமில்லீங்களா?"

அப்போது எனக்கு ஓய்வு பெற ஒன்றரை வருடம் பாக்கி இருந்தது. மகளுக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தோம். பயம் இல்லை என்று எழுதினால் அது இன்னொரு மண்சரிவுக் கதை ஆகிவிடும். போனில் அந்தப் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். இடம், தேதி, மணி எல்லாம் கீழே வரிசையாகப் பதிந்திருந்தது. போன் மனிதர்களைக் கெடுத்துவிட்டது என்று வருடக்கணக்காக நான் திட்டிய அதே போன், நான் செய்ததை நான் செய்தபடியே வைத்திருந்தது. அடுத்த பஸ்ஸில் கீழே இறங்கினேன்.

ஆஸ்பத்திரியில் காளியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போனை நீட்டினேன். அவர் அதை வாங்கி முகத்துக்குக் கிட்டே வைத்து, தள்ளி வைத்து, வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னங்க சாரு?"

"முப்பத்தெட்டாம் வளைவு. முந்துன நாள் சாயந்தரம் சாக்கப் போட்டு நாந்தான் மூடுனேன். நீங்க பாத்தது சாக்குங்க. அதான் வெள்ளையா இருந்துச்சு."

என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் திட்டவில்லை.

"அப்ப எங்கண்ணுல கோளாறு இல்லீங்களா?"

"இல்லீங்க."

"நெசமா இல்லீங்களா?"

"நெசமா இல்லீங்க காளியப்பா."

அவர் கையால் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டு அழுதார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனையும் உங்களுக்கு எழுதுகிறேன்.

"மறைக்கச் சொன்னது பேரைத்தானுங்க. கண்ணாடிய ஏனுங்க மூடுனீங்க? அது எங்க ஆளு வெச்சதுங்கறதுனாலயா?"

காகிதம் ஒட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். மேலிருந்து அவசரப்படுத்தினார்கள் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மை, எழுத்தில் காட்ட ஆதாரமும் இருந்தது.

"ஆமாங்க" என்றேன். "அதுவுந்தான்."

அவர் தலையை ஆட்டினார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனேன். போட்டோவையும் பைக்குள் மடித்து வைத்திருந்த சாக்கையும் மேசை மேல் வைத்து, நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி போட்டோவைப் பார்த்துவிட்டு, "இது எங்க குரூப்புலயும் வந்துச்சே, நானும் பார்த்தேனே" என்றார். பிறகு கேஸ் கட்டை எடுத்துவரச் சொன்னார். காளியப்பன் மேல் இருந்த வழக்கு நின்றது. காரில் வந்தவருக்கு விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி. எனக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்தது, விசாரணை நடந்தது, தண்டனையும் வந்தது. வேலை போகவில்லை. தண்டனை போதாது என்று டீக்கடையில் சிலருக்குக் கருத்து இருந்தது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

உங்களிடம் கட்சி இல்லாமல் இருங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஓட்டுப் போடுகிறவனுக்குக் கட்சி இருக்கத்தான் செய்யும். டீக்கடையில் உட்கார்ந்து நான் பேசிய பேச்சால் இந்த ரோட்டில் ஒருவருக்கும் அடிபட்டதில்லை. ஆனால் ஏணி மேல் நின்று கையில் கயிறு பிடித்திருந்தபோது அந்தப் பேச்சு என் விரலுக்குள் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. உத்தரவு என் கோபத்துக்கு வசதியாக வந்து சேர்ந்தது. ஒரு வேலையைச் செய்யும்போது அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருந்தால் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். கீழே ஏணி பிடிக்கிறவர் ஏதாவது கேட்டால் இறங்கி வந்து பதில் சொல்லுங்கள். குப்பாயி இன்னும் உங்கள் பிரிவில்தான் இருக்கிறார். இந்தக் கடிதத்தை அவருக்கும் படித்துக் காட்டுங்கள், ஏதாவது விட்டிருந்தால் அவர் சொல்லுவார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. ஆறேழு மாதம் கழித்து காளியப்பன் வண்டியைச் சரிசெய்து திரும்ப ஓட்டத் தொடங்கினார். வலது கால் லேசாகச் சாய்த்து நடப்பார். முதல் லோடு ஏற்றிய அன்று எங்கள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தி, "சாரு, கீழ வரைக்கும் வாரீங்களா?" என்று கேட்டார். ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் பார்க்காமல் விட்ட இறக்கத்தை அன்றுதான் பார்த்தேன். மேலிருந்து வரும்போது பேச்சு நன்றாக இருந்தது. புது அரசாங்கம், டீசல், அவர் மகன் வாங்கிய புதுப் போன் என்று பேசிக்கொண்டே வந்தார்.

முப்பத்தெட்டாம் வளைவு வந்தது. தேர்தல் முடிந்து தகட்டைத் திரும்ப மாட்டியிருந்தோம். அதற்குக் கீழே கண்ணாடி துடைத்துவைத்த மாதிரி இருந்தது, அடுத்த வளைவு வரைக்கும் ரோடு காலியாகத் தெரிந்தது. ஆனாலும் காளியப்பன் வண்டியை மட்டுப்படுத்தி நீளமாக ஹாரன் அடித்தார். பதிலுக்கு எந்த ஹாரனும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் வளைத்தார்.

"கண்ணாடிலதான் நல்லாத் தெரியுதுங்களே" என்றேன். "இப்ப அத நம்பறதில்லீங்களா?"

"கண்ணாடிய நம்பறேனுங்க சாரு" என்றார்.

ஒரு முறை என் கைகளைப் பார்த்துவிட்டு ரோட்டுக்குத் திரும்பினார். கீழே மீதி முப்பத்தேழு வளைவு. ஒவ்வொன்றிலும் ஹாரன் அடித்தார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன்.